தாவா சொத்துக்கு யார் வைத்த பெயர்?

காவிரிக்கரை ஊர் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது முப்பத்தைந்துக்குள். தம்பியோடு சேர்ந்து நூலகங்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் சிறு நூல்கள் போடுகிறார். அடுத்த நூல் காஷ்மீரின் காலவரிசை, 64 பக்கம். கையெழுத்துப் பிரதியைச் சரிபார்த்துக் கொடுக்கச் சித்தப்பாவிடம் தந்திருக்கிறார். சித்தப்பா ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், 1999 கார்கில் போரின்போது திராஸில் இருந்தவர். "முசாஃபராபாத்தை 'ஆசாத் காஷ்மீர்'னு எழுதின புத்தகத்துல என் கை படாது" என்று பிரதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கல்லூரியில் வரலாறு நடத்தும் தோழியோ பாகிஸ்தான் பக்கம் இருக்கும் அந்தப் பகுதிக்கு 'ஆக்கிரமிப்பு' என்ற சொல் இருந்தால் முன்னுரை தர மாட்டேன் என்கிறார். இருவருமே வேண்டும் வாசகிக்கு.

அவருடைய கேள்விகள் இவை. இரண்டு தரப்புப் பெயரையும் சாய்கோடு போட்டு எழுதிவிட்டால் நடுநிலை ஆகிவிடாதா? இந்திய அரசு ஆவணங்களை மட்டும் வைத்து எழுதினால் சட்டச் சிக்கல் வராது என்பது சரிதானே? கோபாலசாமி அய்யங்கார் தஞ்சை மாவட்டத்துக்காரர், காஷ்மீரின் பிரதமராகவே இருந்தவர், அவர் பேச்சுகளை ஆதாரமாக வைத்தால் போதாதா? ஒரு வெளிநாட்டு அட்லஸிலிருந்து வரைபடம் எடுத்திருக்கிறோம், அது பரவாயில்லையா? கடைசியில் ஒரு வரி: "இந்த நூலால் என் வீட்டில் பேச்சு நின்றுபோயிருக்கிறது."

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் வரைபடத்தைச் சொல்லிவிடுகிறேன், அது அவசரம். அட்லஸ் படத்தை உடனே எடுத்துவிடுங்கள். 1961-ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டத் திருத்தச் சட்டத்தில், இந்திய நில அளவைத் துறை வெளியிட்ட வரைபடத்தோடு ஒத்துப்போகாத இந்திய வரைபடத்தை வெளியிடுவது ஆறு மாதம் வரை சிறைக்குரிய குற்றம். நல்ல எண்ணத்தில் போட்டேன் என்பது அங்கே பெரிய தற்காப்பு ஆகாது. புள்ளிக்கோடு போட்ட படம் உங்கள் நூலுக்குத் தேவையும் இல்லை. நில அளவைத் துறையின் படத்தையே போடுங்கள். எந்தப் பகுதி யார் வசம் இருக்கிறது என்பதை எதிர்ப்பக்கத்தில் சொற்களால் எழுதிக்கொள்ளலாம்.

அதே சட்டம் எழுத்தைப் பற்றிச் சொல்வது வேறு. நாட்டின் எல்லையை, அதன் பாதுகாப்புக்குக் குந்தகம் விளைவிக்கும் விதத்தில் கேள்விக்கு உட்படுத்தினால்தான் குற்றம். அதற்கு மூன்று ஆண்டு வரை தண்டனை. 'அந்தப் பக்கத்து அரசு தன்னை இப்படி அழைத்துக்கொள்கிறது' என்று யார் வாயில் வந்தது எனக் குறித்து எழுதுவதற்கும் இதற்கும் நிறைய தூரம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 196-ஆம் பிரிவு, பிரிவினரிடையே பகை மூட்டுவதைத் தண்டிக்கிறது. 1947, 1990 பக்கங்களை எழுதும்போது அதை மனதில் வையுங்கள். அங்கே மதத்தின் பெயரைச் சொல்லாமல் எழுத முடியாது, ஆனால் மதத்தின் மேல் பழி போடாமல் எழுத முடியும்.

ஆக, இந்திய அரசு ஆவணங்களை மட்டும் வைத்துக்கொண்டால் பாதுகாப்பு என்று நீங்கள் நினைத்தது பாதிதான் சரி. ஆதாரம் யாருடையது என்று சட்டம் பார்ப்பதில்லை. நீங்கள் அதை எப்படிச் சொல்கிறீர்கள் என்றுதான் பார்க்கும்.

பெயர் தகராறாக இருக்கும்போது

எங்கள் ஊர் முன்சீப் கோர்ட்டில் நான் வக்கீலாகச் சேர்ந்த புதிதில் ஒரு புஞ்சை வழக்கு. ஒரு தரப்பு அந்த நிலத்தைக் 'கோயில் காடு' என்றது. இன்னொரு தரப்பு 'சின்னப் பண்ணை' என்றது. பெயரை ஒப்புக்கொண்டாலே பாதி வழக்குப் போய்விடும் என்று இருவருக்கும் தெரியும். என் சீனியர் பிராதில், அதாவது வழக்கு மனுவில், இரண்டையும் எழுதவில்லை. சர்வே எண், விஸ்தீரணம், நான்கெல்லை எழுதினார். அதற்கப்புறம் வழக்கு முடியும்வரை அது 'தாவா சொத்து'தான், வழக்கில் இருக்கும் சொத்து.

காஷ்மீர் விஷயத்தில் உலகமே இதே சிக்கலில் மாட்டியது. 1948 ஜனவரி 1-ஆம் தேதி இந்தியா ஐ.நா. பாதுகாப்பு சபைக்குப் போனபோது அந்தக் கோப்பின் தலைப்பு 'ஜம்மு-காஷ்மீர் பிரச்சினை'. அதே மாதம் 22-ஆம் தேதி அதை 'இந்தியா-பாகிஸ்தான் பிரச்சினை' என்று மாற்றினார்கள். மூன்றே வாரம். கேட்டது பாகிஸ்தான் தரப்பு, எதிர்த்தது இந்தியா. தலைப்பு மாறியதும் ஒரு படையெடுப்பைப் பற்றிய புகார் இரண்டு நாடுகளின் பொதுத் தகராறாக ஆகிவிட்டது. பெயர் என்பது எவ்வளவு பெரிய வேலை செய்கிறது என்று காட்ட உங்கள் காலவரிசையில் இந்த ஒரு வரியைக் கட்டாயம் சேருங்கள்.

சாய்கோடு போட்டு இரண்டு பெயரையும் எழுதுவது நடுநிலை ஆகாது, சகோதரி. பக்கத்துக்குப் பத்து இடத்தில் சாய்கோடு வந்தால் வாசகர் படிப்பதையே நிறுத்திவிடுவார். அதைவிட மோசம், இரண்டு கட்சிக்காரர்களின் வாதத்தையும் சுமந்துவிட்டு நீங்கள் ஒன்றும் சொல்லாமல் நிற்பீர்கள்.

நான் சொல்லும் வழி இது. முடிந்தவரை ஊர்ப் பெயரை எழுதுங்கள்: முசாஃபராபாத், மீர்பூர், பூஞ்ச், கில்கித், ஸ்கர்து. அவைதான் உங்கள் சர்வே எண்கள். அவற்றை இரண்டு தரப்பும் ஒப்புக்கொள்ளும். மொத்தமாகச் சொல்லியே ஆகவேண்டிய இடத்தில் 'பாகிஸ்தான் வசமுள்ள பகுதி' என்று எழுதலாம். வக்கீல்கள் சுவாதீனம் (கையில் வைத்திருப்பது) வேறு, பாத்தியதை (உரிமை) வேறு என்று பிரித்துப் பேசுவோம். 'வசம்' என்பது சுவாதீனத்தை மட்டும் சொல்கிறது. நிலம் இன்று யார் கையில் என்பதில் உங்கள் சித்தப்பாவுக்கும் தோழிக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. 'ஆக்கிரமிப்பு' பாத்தியதையையும் சேர்த்துத் தீர்ப்புச் சொல்கிறது. 'ஆசாத்' என்றால் சுதந்திரம், அதுவும் ஒரு தீர்ப்பு. இந்திய அரசின் நிலையையோ பாகிஸ்தான் அரசின் நிலையையோ எடுத்துச் சொல்லும் வரிகளில் அந்தந்தச் சொல்லை மேற்கோள் குறிக்குள் அவர்கள் வாயிலேயே வையுங்கள். இந்தியப் பாராளுமன்றத்தின் 1994 பிப்ரவரி 22 தீர்மானத்தை எழுதும்போது 'ஆக்கிரமிப்பு' வரத்தான் வேண்டும். 1947 அக்டோபர் 24 அன்று அறிவிக்கப்பட்ட அரசின் பெயரை எழுதும்போது 'ஆசாத் காஷ்மீர்' வரத்தான் வேண்டும், அது அந்த அறிவிப்பின் பெயர்.

இந்தப் பக்கத்துப் பகுதிக்கு 'இந்தியா வசமுள்ள' என்று எழுத வேண்டுமா என்று தோழி கேட்பார். நீங்கள் இந்தியாவில் அச்சிடும் இந்தியப் பதிப்பாளர். இங்குள்ள நிர்வாகப் பெயரையே எழுதுங்கள்: 2019 அக்டோபர் 30 வரை ஜம்மு-காஷ்மீர் மாநிலம், 31 முதல் ஜம்மு-காஷ்மீர், லடாக் என இரண்டு யூனியன் பிரதேசங்கள். இது முழுச் சமம் இல்லை என்பது எனக்கும் தெரியும். முன்னுரையில் நாலே வரியில் 'இந்நூலில் பெயர்களை இப்படிக் கையாண்டிருக்கிறோம், காரணம் இது' என்று ஒளிக்காமல் எழுதிவிடுங்கள்.

பெயருக்கும் தேதி உண்டு

நீங்கள் அனுப்பிய மாதிரிப் பக்கங்களில் நான் சிவப்பு மையில் சுழித்தவை பெரும்பாலும் இந்த வகைப் பிழைகள். அரசியல் சண்டையில்லாமல் திருத்திவிடக் கூடியவை, ஆனால் நூலின் நம்பகத்தை இவைதான் தீர்மானிக்கும்.

1965 போர் பற்றிய வரியில் 'எல்லைக் கட்டுப்பாட்டுக் கோடு' என்று எழுதியிருக்கிறீர்கள். அப்போது அப்படி ஒரு கோடு இல்லை. 1949 ஜூலை 27 கராச்சி உடன்பாட்டில் வரையப்பட்டது போர்நிறுத்தக் கோடு. 1972 ஜூலை 2 சிம்லா உடன்பாட்டுக்குப் பிறகுதான் கட்டுப்பாட்டுக் கோடு என்ற பெயரே வருகிறது. சொல் மாறியதற்குள் ஒரு முழு அரசியல் இருக்கிறது: போர்நிறுத்தக் கோட்டை ஐ.நா. பார்வையாளர்கள் பார்த்துக்கொண்டார்கள், கட்டுப்பாட்டுக் கோடு இரண்டு நாடுகள் தங்களுக்குள் பேசி முடித்தது. முன்கூட்டியே போட்டால் அந்தக் கதை காணாமல் போகிறது.

1953-இல் 'முதலமைச்சர் ஷேக் அப்துல்லா பதவி நீக்கம்' என்பதும் தவறு. அப்போது அந்தப் பதவியின் பெயர் பிரதமர். 1965-இல்தான் முதலமைச்சர் என்று மாறியது, மாநிலத் தலைவர் பதவியான சதர்-இ-ரியாசத் என்பது ஆளுநர் ஆனது. அதே 1965-இல் ஷேக் அப்துல்லாவைக் கைது செய்து கொடைக்கானலில் வைத்திருந்தார்கள், அதையும் ஒரு வரி சேருங்கள், நம் வாசகர்களில் பலருக்குத் தெரியாது. 'கில்கித்-பால்டிஸ்தான்' 2009-இல் பாகிஸ்தான் வைத்த நிர்வாகப் பெயர். அதற்கு முன் 'வடக்குப் பகுதிகள்'.

ஜம்மு-காஷ்மீருக்குத் தனி நிலை தந்த அரசியலமைப்பின் 370-ஆவது பிரிவு பற்றி 2019-க்கு 'ஆகஸ்ட் 5: 370 ரத்து' என்று ஒரே வரி போட்டிருக்கிறீர்கள். வக்கீலாக இதை விட மனமில்லை. ஆகஸ்ட் 5 குடியரசுத் தலைவரின் ஆணை 272. அடுத்த நாள் ஆணை 273, அதன்படிதான் பழைய உட்பிரிவுகள் செயலிழந்தன. 370 என்ற எண் இன்றும் அரசியலமைப்பில் இருக்கிறது, உள்ளே இருக்கும் வாசகம்தான் வேறு. மாநிலத்தை இரண்டாகப் பிரித்த மறுசீரமைப்புச் சட்டம் அக்டோபர் 31-இல் நடைமுறைக்கு வந்தது. 2023 டிசம்பர் 11 அன்று உச்சநீதிமன்றம் நடவடிக்கையை உறுதி செய்தது. ஆனால் ஆணை 272-இல், சொற்களுக்குப் பொருள் சொல்லும் 367-ஆவது பிரிவு வழியாக 370-ஐத் திருத்திய பகுதி செல்லாது என்றும் சொன்னது. நாலு வரியாகப் பிரித்து எழுதுங்கள்.

அப்புறம், 'காஷ்மீர்' என்ற சொல்லே. மன்னராட்சியில் இருந்த சமஸ்தானம் 2,22,236 சதுர கிலோமீட்டர். ஸ்ரீநகரைச் சுற்றிய பள்ளத்தாக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. 'காஷ்மீர் மக்கள் விரும்பினார்கள்' என்று எழுதினால் ஜம்முக்காரரா, லே ஊர்க்காரரா, கில்கித்காரரா, பள்ளத்தாக்குக்காரரா?

எந்த ஆதாரம்

கோர்ட்டில் ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் தனக்குச் சாதகமாகச் சொல்வதைக் குறித்துக்கொள்வோம். தனக்குப் பாதகமாகச் சொன்னதை அடிக்கோடு போடுவோம். சர்ச்சைக்குரிய வரலாற்றுக்கு இதைவிட நல்ல அளவுகோலை நான் பார்த்ததில்லை.

பாகிஸ்தான் 1948 தொடக்கத்தில், காஷ்மீரில் தனக்குப் பங்கில்லை என்று ஐ.நா.வில் வாதாடியது. அதே ஆண்டு ஜூலையில் ஐ.நா. ஆணையம் கராச்சிக்கு வந்தபோது, மே மாதத்திலிருந்தே தன் ராணுவம் அங்கே இருக்கிறது என்று அதன் வெளியுறவு அமைச்சர் ஜஃபருல்லா கான் ஒப்புக்கொண்டார். இந்திய அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கையை விட இந்த ஒப்புதல் கனமானது. அதேபோல் இந்தப் பக்கம்: காஷ்மீர் இந்தியாவோடு சேர்ந்த இணைப்பை ஏற்று 1947 அக்டோபர் 27 அன்று கவர்னர் ஜெனரல் மவுண்ட்பேட்டன் மகாராஜா ஹரி சிங்குக்கு எழுதிய கடிதத்தில், படையெடுத்தவர்கள் வெளியேறிச் சட்டம் ஒழுங்கு திரும்பியதும் இணைப்பு விஷயத்தை மக்களிடம் கேட்டு முடிவுசெய்ய வேண்டும் என்று இருக்கிறது. ஒரு நூலில் இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் அந்த நூல் எந்தத் தரப்பு வக்கீல் என்று நமக்குத் தெரிந்துவிடும்.

உங்கள் ஊர் கோபாலசாமி அய்யங்காருக்கு வருகிறேன். 1937 முதல் 1943 வரை ஹரி சிங்கின் பிரதமர், 1948-இல் ஐ.நா.வில் இந்தியக் குழுவின் தலைவர், பிறகு 370-ஆவது பிரிவை அரசியல் நிர்ணய சபையில் கொண்டுவந்தவர். நமக்குப் பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த மூன்று வேலையுமே அவரைத் தரப்பாளர் ஆக்குகிறது. அவருடைய ஐ.நா. பேச்சு இந்தியாவின் வாதம், அதை வாதமாகவே குறியுங்கள். 1949 அக்டோபர் 17 அன்று சபையில் அவர் பேசியதை மட்டும் கவனமாக எடுங்கள். சமஸ்தானத்தின் ஒரு பகுதி எதிரிகள் கையில் இருக்கிறது, ஐ.நா.வில் சிக்கியிருக்கிறோம், மக்கள் தாங்களே முடிவுசெய்ய வாய்ப்புத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறோம் என்று தன் தரப்புக்குச் சுகமில்லாததையும் அங்கே சொன்னார். அதனாலேயே அந்தப் பேச்சுக்கு மதிப்பு.

வெள்ளை அறிக்கையையும் ஒதுக்க வேண்டாம். உள்ளே இருக்கும் தந்திகளும் கடிதங்களும் ஆவணம். அவற்றைக் கோக்க நடுவே அரசு எழுதிய வாக்கியங்கள் வாதம். கத்தரிக்கோல் எடுத்துப் பிரிப்பதுபோல் பிரித்துப் படியுங்கள்.

மூல ஆவணத்தின் படத்தை ஒருமுறையாவது கண்ணால் பாருங்கள். இணைப்பு ஆவணம் அச்சிட்ட படிவம். எல்லா சமஸ்தானங்களுக்குமாக அடித்தது, தேதி இடத்தில் 'ஆகஸ்ட்' என்றே அச்சாகியிருக்கும். அதை அடித்துவிட்டு மேலே கையால் 'அக்டோபர்' என்று எழுதியிருக்கிறார்கள். இந்த ஒரு அடித்தல், ஆகஸ்ட் 15-க்கும் அக்டோபர் 26-க்கும் நடுவே ஹரி சிங் எந்தப் பக்கமும் சேராமல் இருந்த பத்து வாரத்தையும் காட்டிவிடுகிறது. கையெழுத்து 26-ஆம் தேதியா 27-ஆம் தேதியா என்று ஆய்வாளர்களிடையே சண்டை உண்டு, ஏனென்றால் இந்தியப் படை ஸ்ரீநகரில் இறங்கியது 27 காலை. நீங்கள் இப்படி எழுதலாம்: '26 அக்டோபர் என்று தேதியிட்ட இணைப்பு ஆவணம், ஏற்பு 27 அக்டோபர்.' தாளில் இருப்பதைச் சொல்கிறீர்கள், அவ்வளவுதான். ஆய்வாளர் சண்டையை அடிக்குறிப்பில் வைக்கலாம்.

பழைய காலத்துக்கு, காஷ்மீர் அரசர்களின் வரலாறான ராஜதரங்கிணியை எழுதிய கல்ஹணரை எடுத்திருக்கிறீர்கள். 1148-இல் எழுதத் தொடங்கியவர், விருப்பும் வெறுப்பும் இல்லாமல் நீதிபதிபோல் சொல்பவனே நல்ல ஆசிரியன் என்று தொடக்கத்திலேயே சொன்னவர். அவர் மேல் எனக்குத் தனி மரியாதை. ஆனாலும் ரணாதித்தன் என்ற ஓர் அரசனுக்கு 300 ஆண்டு ஆட்சி கொடுத்திருக்கிறார். தன் காலத்தை நெருங்க நெருங்க அவர் சொல்வது உறுதியாகிறது, பின்னால் போகப்போகக் கரைகிறது. அந்த முன்பகுதி ஆண்டுகளைக் காலவரிசையில் தேதியாகப் போடாதீர்கள். என் யோசனை, நூலை 1846-இல் தொடங்குங்கள். இன்று தகராறில் இருக்கும் அரசியல் எல்லை அந்த ஆண்டு மார்ச் 16, ஆங்கிலேயர் குலாப் சிங்குக்குக் காஷ்மீரைக் கொடுத்த அமிர்தசரஸ் உடன்பாட்டில் பிறந்தது. முந்தையதை மூன்று பக்க முகவுரையில் சொல்லிவிடலாம். அந்த உடன்பாட்டை 'விற்பனை' என்பதா என்று கேட்டிருந்தீர்கள். வாசகத்தையே போடுங்கள்: 75 லட்சம் நானக்‌ஷாஹி ரூபாய் (சீக்கிய அரசின் நாணயம்), ஆண்டுதோறும் ஒரு குதிரை, பன்னிரண்டு ஆடு, மூன்று ஜோடி சால்வை. மக்களைக் கேட்டதாக ஒரு வரியும் அதில் இல்லை. என்ன பெயர் வைப்பது என்பதை வாசகர் பார்த்துக்கொள்வார்.

இறந்தவர்களின் வரிகள்

இங்கேதான் உங்கள் பிரதி எனக்கு வருத்தம் தந்தது. '1931 ஜூலை 13: துப்பாக்கிச் சூட்டில் 22 பேர் பலி.' நம் பத்திரிகைத் தமிழ் பழக்கிவிட்ட வாக்கியம் இது. சுட்டது யார்? மகாராஜாவின் போலீஸ், ஸ்ரீநகர் மத்திய சிறை வாசலில். எழுவாயைத் தின்றுவிடும் வாக்கியத்தை இந்த நூலில் எங்குமே விடாதீர்கள், எந்தத் தரப்பு சுட்டிருந்தாலும்.

1947 இலையுதிர்காலத்தில் ஜம்முவில் முஸ்லிம்கள் கொல்லப்பட்டதை நீங்கள் எழுதவே இல்லை. 1990-இல் காஷ்மீர் இந்துக்களான பண்டிதர்கள் பள்ளத்தாக்கை விட்டு ஓடியதற்கு அரைப் பக்கம் இருக்கிறது. தோழியின் நோக்கில் படித்தால் இது சாய்வு. அதைச் சரிசெய்ய பண்டிதர் பக்கத்தைக் குறைக்கவேண்டியதில்லை, ஜம்முவுக்கு இடம் கொடுக்க வேண்டும். ஒன்றுக்கு ஒன்று பதில் என்பதுபோல் அடுத்தடுத்து வைக்கவும் வேண்டாம், அவையவை அவற்றின் ஆண்டில் இருக்கட்டும். எண்ணிக்கை எழுதினால் எண்ணியவரையும் எழுதுங்கள். ஜம்முவுக்கு இருபதாயிரத்திலிருந்து இரண்டு லட்சத்துக்கு மேல் வரை மதிப்பீடுகள் இருக்கின்றன. கொல்லப்பட்ட பண்டிதர்கள் 219 பேர் என்பது 2010-இல் மாநில அரசு சட்டமன்றத்தில் சொன்ன கணக்கு, பண்டிதர் அமைப்புகளின் கணக்கு அதைவிடக் கூடுதல். இன்னொன்று, ஜம்மு-காஷ்மீரில் 1951-இலும் 1991-இலும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கவில்லை. அந்த ஆண்டுகளுக்குக் 'கணக்கெடுப்பின்படி' என்று எண் தரும் கையேட்டை மூடி வைத்துவிடுங்கள், நீங்கள் பயன்படுத்தியிருக்கும் போட்டித்தேர்வு நூல் உட்பட.

சரி, சித்தப்பா. அவரைச் சமாதானப்படுத்த ஒரு சொல்லை மாற்றிக் கொடுப்பதைவிட, அவரைச் சாட்சியாக உட்காரவையுங்கள். 1999-இல் கார்கில் மலைமேல் இருந்தவர்கள் முஜாஹிதீன்கள், தன் படை இல்லை என்றுதான் பாகிஸ்தான் சொல்லிக்கொண்டிருந்தது. போர் முடிந்ததும் தன் மிக உயர்ந்த ராணுவ விருதான நிஷான்-இ-ஹைதரை அதே மலையில் இறந்த இருவருக்குக் கொடுத்தது. ஒருவர் கேப்டன் கர்னல் ஷேர் கான் ('கர்னல்' அவர் பெயரிலேயே உள்ளது, பதவி இல்லை). இன்னொருவர் வடக்கு லைட் இன்ஃபன்ட்ரியைச் சேர்ந்த லாலக் ஜான், அவரும் ஒரு ஹவில்தார். இந்த விருது வரியை எழுதிச் சித்தப்பாவிடம் காட்டுங்கள். எதிர்த்தரப்பு ஆவணத்தைச் சேர்ப்பது எதிர்த்தரப்புக்குப் போவது இல்லை என்று அவருக்கு நான் விளக்க வேண்டியிருக்காது. திராஸில் அவர் கண்ணால் கண்டதை அவர் சொற்களிலேயே ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள், மேலே 'நேரில் கண்டவர்' என்று போட்டு, அவர் சம்மதித்தால் பெயரோடு. அந்தப் பக்கத்தில் அவர் 'ஆக்கிரமிப்பு' என்று எழுதினால் அது அவருடைய சாட்சியம், அதில் நீங்களோ தோழியோ கை வைக்க வேண்டாம்.

புதிய வரைபடம் வைத்த பிரதியை அச்சகத்துக்குக் கொடுக்கும் முன் ஒருமுறை எனக்கு அனுப்புங்கள். 1947, 1990, 2019 பக்கங்களை வரி வரியாகப் பார்த்துத் தருகிறேன்.